குப்பை மலையும் நம் சமையலறையும்

சென்ற கோடை விடுமுறைக்கு பெங்களூரிலிருந்து பேரன் வந்திருந்தான். ஆறு வயது. ஒரு நாள் ஆனந்த் விஹார் ஸ்டேஷனில் உறவினர் ஒருவரை வண்டியேற்றிவிட்டு, நாங்கள் இருவரும் ஆட்டோவில் மயூர் விஹாருக்குத் திரும்பிக் கொண்டிருந்தோம். காஜிப்பூர் அருகில் வந்ததும் அவன் சீட்டில் எழுந்து நின்று, "தாத்தா, அதோ பாரு மலை! மேலே முருகன் கோயில் இருக்கா?" என்று கேட்டான்.

மலை என்றால் உச்சியில் முருகன் இருப்பார் என்பது அவன் பாட்டி சொல்லிக் கொடுத்த பாடம். பழனி, திருத்தணி, சுவாமிமலை, நம் ஆர்.கே.புரம் மலை மந்திர் என்று அவளிடம் ஒரு பட்டியலே உண்டு. ஆனால் இந்த மலையின் உச்சியில் பருந்துகள்தான் வட்டமிட்டுக் கொண்டிருந்தன. ஓரிடத்தில் மெல்லிய புகை கிளம்பிக் கொண்டிருந்தது.

"அது மலை இல்லடா கண்ணா, குப்பை" என்றேன்.

அவன் நம்பவில்லை. மூக்கைப் பொத்திக் கொண்ட பிறகுதான் நம்பினான். "அவ்வளவு குப்பையையும் யாரு தாத்தா போட்டா?" என்றான்.

அரசாங்கம், மாநகராட்சி, லாரிக்காரர்கள் என்று யாரையாவது கைகாட்டியிருக்கலாம். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக டெல்லியில் குப்பை போட்டவன் நான் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்து தொலைத்தது. ஆட்டோ சத்தத்தில் கேள்வி காதில் விழாதது போல இருந்துவிட்டேன். அந்தக் குழந்தைக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பள்ளம் மலையான கதை

திருச்சியில் சிவில் டிப்ளமா முடித்து, 1982-ல் வடக்கு ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ. பயிற்சியாளனாக டெல்லிக்கு வந்தேன். பி.டபிள்யூ.ஐ. என்றால் தண்டவாளம், அதன் கீழே கட்டை, அதன் கீழே ஜல்லி, அதற்கும் கீழே மண்கரை, எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி. பின்னாளில் பதவியின் பெயர் சீனியர் செக்‌ஷன் இன்ஜினியர் என்று மாறியது, வேலை மாறவில்லை. 2019-ல் ஓய்வு பெற்றேன்.

காஜிப்பூரில் குப்பை கொட்டத் தொடங்கியது 1984-ல். 2002-லேயே அதன் கொள்ளளவு நிரம்பிவிட்டது. கொட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. 2019 வாக்கில் அது சுமார் 65 மீட்டர் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. குதுப் மினாரின் உயரம் ஏறத்தாழ 73 மீட்டர். குப்பை உயர்ந்தது, கோபுரம் தாழ்ந்தது என்று நம் ஊரில் ஏதோ பேச்சுக்குச் சொல்வார்கள். டெல்லியில் அது நடக்கப் பார்த்தது! விமானங்களுக்காக இதன்மேல் சிவப்பு விளக்கு வைக்க வேண்டி வருமோ என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே கேட்கும்படி ஆயிற்று.

இதற்குத் தம்பிகள் இருவர். வடக்கே பல்ஸ்வா 1994-லும், தெற்கே ஓக்லா 1996-லும் தொடங்கின. மூன்று இடங்களிலும் சேர்ந்து கிடந்த பழைய குப்பை 280 லட்சம் டன் என்று 2019-ல் கணக்கிட்டார்கள். பாதி காஜிப்பூரில். ரயில்வேக்காரன் பாஷையில் சொல்கிறேன்: ஒரு முழு சரக்கு ரயில் சுமார் 4,000 டன் ஏற்றும். நாளைக்கு ஒரு ரயில் வீதம் இந்தக் குப்பையை ஏற்றி அனுப்பினால், முடிக்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகும்.

மண்கரை போடும்போது, ஓர் அடி உயர்ந்தால் இரண்டு அடி பக்கவாட்டில் சரிய வேண்டும் என்பது எங்களுக்கு முதல் பாடம். அதற்கும் மண்ணைத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். காஜிப்பூரின் சரிவைத் தூரத்திலிருந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி, மழைக்காலத்தில், அதன் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. பக்கத்துச் சாலையில் போய்க் கொண்டிருந்த வாகனங்களைக் கால்வாய்க்குள் தள்ளியது. இரண்டு பேர் இறந்தார்கள். சாலையில் போனவர்கள் குப்பையால் இறந்தார்கள் என்பதை அன்று ஜீரணிக்க முடியவில்லை.

மலை ஏன் எரிகிறது?

சரிவதோடு நிற்கவில்லை, அடிக்கடி தீயும் பிடிக்கிறது. 2022 மார்ச்சில் காஜிப்பூர், அடுத்த மாதமே பல்ஸ்வா. பல்ஸ்வாவில் நாள்கணக்கில் எரிந்தது. 2024 ஏப்ரல் 21-ஆம் தேதி மறுபடி காஜிப்பூர். அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. என் மனைவிக்கு இழுப்பு உண்டு. ஜன்னல்களையெல்லாம் மூடி, இடுக்குகளில் ஈரத் துண்டைத் திணித்து, நெபுலைசர் வைத்துக் கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். எரிந்தது பிளாஸ்டிக், ரப்பர், துணி என்று எத்தனையோ. அதற்கெல்லாம் கீழிருந்து தீயை ஊட்டியது எது என்று கேட்டால், நம் வீட்டுச் சமையலறைக் கழிவு என்பதுதான் பதில்.

எங்கள் ஊரில் கொல்லைப்புறத்தில் எருக்குழி இருந்தது. காய்கறித் தோல், வாழையிலை, சாணி, சருகு எல்லாம் அதில் போகும். ஆழம் அதிகமில்லை; கோழிகள் கிளறிக் கொண்டே இருக்கும்; காற்றுப் படும். காற்றுப் பட மக்கினால் பெரும்பாலும் கரியமில வாயுதான் வெளியேறும். அது செடி காற்றிலிருந்து எடுத்துக் கொண்டதுதான். காற்றுக்கே திரும்பிப் போகிறது. தையில் குழியைத் திறந்தால் கறுப்பாகப் பொலபொலவென்று எரு இருக்கும். மண்வாசனைதான் வரும்.

அதே காய்கறித் தோலை பிளாஸ்டிக் பையில் கட்டி, அதன்மேல் அறுபது மீட்டர் குப்பையைக் குவித்தால் உள்ளே காற்றுக்கு வழியில்லை. பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக் கொள்கின்றன. அவை வெளியிடுவது மீத்தேன். சாண எரிவாயுக் கலத்தில் வருவது இதுதான். நானும் பேரனும் வந்த ஆட்டோவின் சிலிண்டரில் இருந்த சி.என்.ஜி.யும் பெரும்பகுதி இதுதான். ஆட்டோவில் அடைத்தால் எரிபொருள். மலையிலிருந்து கசிந்தால் தீயும் புகையும்.

எரியாமல் கசிந்து மேலே போனால் இன்னும் கெடுதல். மீத்தேன் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடக் கெட்டிக்காரன். எடைக்கு எடை பார்த்தால், நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 28 மடங்கு. முதல் இருபது ஆண்டுகளை மட்டும் எடுத்துக் கொண்டால் ஏறக்குறைய 80 மடங்கு. உலகில் மனிதச் செயல்களால் வெளியேறும் மீத்தேனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குப்பையிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வருகிறது என்று ஐக்கிய நாடுகள் சபையின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. 2022-ல் விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் வழியாக நான்கு நகரங்களின் குப்பைமேடுகளை அளந்தார்கள்: பியூனஸ் அயர்ஸ், லாகூர், மும்பை, நம் டெல்லி. மும்பையின் ஒரு மேட்டிலிருந்து மட்டும் மணிக்கு ஏறத்தாழ 10 டன் மீத்தேன் கிளம்புவதாகத் தெரிந்தது. விண்வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும் அளவுக்கு நம் குப்பை பெயரெடுத்துவிட்டது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும். மீத்தேன் சுமார் 12 ஆண்டுகளில் பெரும்பாலும் சிதைந்துவிடும். அதனால் இன்று மீத்தேனைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும். நிலக்கரியையும் பெட்ரோலையும் குறைப்பது நீண்ட சரக்கு ரயிலை நிறுத்துவது போல. பிரேக் போட்டபின் ரொம்ப தூரம் ஓடித்தான் நிற்கும். அது கட்டாயம் வேண்டும். ஆனால் உடனே பிடிக்கிற பிரேக் மீத்தேனில்தான் இருக்கிறது. அறுபதைத் தாண்டிய நானே பலனைப் பார்க்கலாம் என்றால், அது சின்ன விஷயமா?

திமார்பூர் சொன்ன பாடம்

"எல்லாவற்றையும் கொளுத்தி மின்சாரம் எடுத்தால் போச்சு" என்று நண்பர்கள் சொல்வார்கள். டெல்லி அதை அந்தக் காலத்திலேயே செய்து பார்த்தது. 1987-ல் திமார்பூரில் டென்மார்க் நாட்டுத் தொழில்நுட்பத்தில், நாளைக்கு 300 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்றைக் கட்டினார்கள். சில வாரங்கள்கூட ஒழுங்காக ஓடவில்லை; மூடிவிட்டார்கள்.

இயந்திரத்தில் குறையில்லை. ஐரோப்பியக் குப்பையில் காகிதமும் அட்டையும் அதிகம். போட்டால் பற்றிக் கொள்ளும். நம் குப்பையில் பாதி ஈரம்: மாம்பழத் தோல், தர்ப்பூசணி ஓடு, வடிகட்டிய டீத்தூள், மீந்த சாதம். போதாததற்குத் தெருமண் வேறு. ஈர விறகை அடுப்பில் வைத்து ஊதிய நம் பாட்டிமார்களைக் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பார்கள்.

அதன்பின் தொழில்நுட்பம் முன்னேறி, 2012-ல் ஓக்லாவிலும், பின்னர் காஜிப்பூர், நரேலா-பவானா, தேக்கண்ட் ஆகிய இடங்களிலும் எரிமின் ஆலைகள் வந்தன. ஓக்லா ஆலையின் புகையையும் சாம்பலையும் எதிர்த்து அக்கம்பக்கத்துக் குடியிருப்புவாசிகள் நீதிமன்றம் வரை போனார்கள். எரிப்பதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஈரமும் உலர்ந்ததும் கலந்துவிட்டால், எரிக்கப் போனால் ஈரம் கெடுக்கும். உரமாக்கப் போனால் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கெடுக்கும். கலந்தபின் எந்த இயந்திரம் வந்தாலும் அரைகுறை வேலைதான்.

இதைப் பற்றி 1996-லேயே உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டவர் அல்மித்ரா பட்டேல் என்ற பெண்மணி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளர், பெங்களூர்வாசி. அந்த வழக்கின் பயனாக 2000-ல் நாடு முழுவதுக்கும் குப்பை விதிகள் வந்தன. 2016-ல் வந்த விதிகள், வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுப்பதைக் கட்டாயமாக்கின. சட்டம் வந்துவிட்டது. நம் டப்பா மட்டும் ஒன்றாகவே இருந்தது.

ரயிலில் பார்த்தது

பழக்கத்தை மாற்ற முடியாது என்பவர்களுக்கு என் துறையிலிருந்து ஓர் உதாரணம். என் சர்வீஸில் பெரும்பகுதி ட்ராலியில் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்த பொழுதுதான். ரயில் கழிப்பறையிலிருந்து விழுவது நேரே பாதையில் விழும். ஸ்டேஷன்களை ஒட்டிய இடங்களில் தண்டவாளத்தின் அடிப்பாதம் அரித்துப் போகும். பாண்ட்ரால் கிளிப்புகள் துருவேறிக் கையோடு வந்துவிடும். அதைவிட, அந்த அசிங்கத்தில் குனிந்து வேலை செய்த கேங்மேன்களின் முகத்தை நான் மறக்க மாட்டேன். "நூற்றைம்பது வருஷமாக இப்படித்தான், இதை மாற்றவா முடியும்?" என்பது எங்கள் அலுவலகங்களில் அன்றாடப் பேச்சு.

மாற்றினார்கள். டி.ஆர்.டி.ஓ. விஞ்ஞானிகளோடு சேர்ந்து பயோ-டாய்லெட் வந்தது. பெட்டிக்கு அடியில் ஒரு தொட்டி. அதிலுள்ள நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று நீரும் வாயுவுமாக மாற்றிவிடும். 2016 ஜூலையில், நாட்டிலேயே முதன்முதலாக, நம் ராமேஸ்வரம்-மானாமதுரை பாதையின் 114 கிலோமீட்டரும் கழிவே விழாத பாதையாக அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பயணி ரயில் பெட்டிகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இது வந்துவிட்டது.

இந்தத் தொட்டிகள் எதனால் அடைத்துக் கொண்டன தெரியுமா? தண்ணீர் பாட்டில், டீக் கப், குட்கா பாக்கெட், நாப்கின். பயணிகள் உள்ளே போட்டவைதான். நுண்ணுயிர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது தின்ன முடியாததை நாம் கலந்தோம். குப்பை மலைக்கும் ரயில் தொட்டிக்கும் வியாதி ஒன்றுதான்.

நான் கட்டிய தொட்டி

2022-ல் பல்ஸ்வா எரிந்தபின், எங்கள் குடியிருப்பின் பொதுக்குழுவில் எழுந்து நின்று, "நம் ஈரக் குப்பையை நாமே உரமாக்குவோம்" என்றேன். அறுபத்து நான்கு வீடுகள். பெரும்பாலோர் பேசாமல் மோர் குடித்தார்கள். கடைசியில், ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரு மூலையையும் கொஞ்சம் பணத்தையும் கொடுத்து, "இன்ஜினியர் சாப், நீங்களே செய்யுங்கள்" என்று விட்டுவிட்டார்கள்.

இன்ஜினியர் அல்லவா, செய்துகாட்டினேன். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், உள்ளே சிமெண்ட் பூச்சு, நீர் கசியாத மருந்து, மேலே இறுக்கமான இரும்பு மூடி. ஸ்டேஷன் பிளாட்பாரம் போல உறுதியாக இருந்தது. நவம்பரில் குப்பை போட ஆரம்பித்தோம். மூன்றாவது வாரம் நாற்றம் கிளம்பியது. நான்காவது வாரம் கறுப்புத் தண்ணீர் தேங்கிப் புழு நெளிந்தது. முதல் மாடிப் பஞ்சாபி அம்மாள் கீழே இறங்கி வந்து, "பாய் சாஹப், ஆப்னே தோ யஹீன் காஜிப்பூர் பனா தியா" என்றார். இங்கேயே ஒரு காஜிப்பூரைக் கட்டிவிட்டீர்களே என்று!

தொட்டியை இடித்துவிடுவதாகத் தலைகுனிந்து நின்ற என்னைக் காப்பாற்றியவர் எங்கள் மாலி. தர்பங்கா பக்கத்துக்காரர், பள்ளிக்கூடம் போனதில்லை. மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாபூஜி, இஸ்கோ பீ சாஸ் லேனே தோ" என்றார். இதுவும் மூச்சு விடட்டுமே என்கிறார். அவர் சொன்னபடி சுவரில் ஒன்றுவிட்டு ஒன்றாகச் செங்கல்லை எடுத்தோம். அடியில் வடிகால் வைத்தோம். இரும்பு மூடிக்குப் பதில் மழைக்கு மட்டும் ஒரு தகரக் கூரை. ஒரு கூடை ஈரக் குப்பைக்கு ஒரு கூடை காய்ந்த சருகு. வாரத்துக்கு ஒரு தடவை கிளறல்.

ஒரு வாரத்தில் நாற்றம் போயிற்று. ஜனவரிக் குளிரில் காலையில் கிளறினால் உள்ளிருந்து ஆவி பறந்தது. தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன்: 58 டிகிரி. காற்றோடு மக்கும்போது வருகிற ஆரோக்கியமான சூடு அது. அப்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. காற்றுப் புகாமல் நான் கட்டிய அந்த அருமையான தொட்டி, எந்த வாயுவைத் தடுக்கக் கட்டினேனோ அதே வாயுவைத்தான் உற்பத்தி செய்து கொண்டிருந்தது! எங்கள் ஊர் எருக்குழியில் கோழிகள் செய்த வேலையின் அருமை டிப்ளமாக்காரனுக்கு அறுபத்து மூன்றாவது வயதில் விளங்கியது.

சருகுக்குப் பஞ்சமில்லை. டெல்லியில் குளிர் முடிந்து மரங்கள் இலை உதிர்க்கும்போது முன்பெல்லாம் மூலைக்கு மூலை கொளுத்துவார்கள். 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தடை செய்தது. இப்போது மூட்டை கட்டி வைத்துக் கொள்கிறோம். வருஷம் முழுவதும் தொட்டிக்கு ஆகிறது.

கறிவேப்பிலை செய்த உதவி

தொட்டி சரியாயிற்று, மனிதர்கள் லேசில் சரியாகவில்லை. இரண்டு டப்பா வைக்கச் சொன்னால் ஆயிரம் சமாதானம். மூன்றாம் மாடியில் நம் தமிழ்க் குடும்பம் ஒன்று. அந்தப் பெண்மணி கேட்டார்: "சார், காலையில டிபன், பசங்க ஸ்கூல் பஸ், எனக்கு மெட்ரோ. இதுல தோலை ஒரு டப்பா, கவரை ஒரு டப்பான்னு பிரிக்க எனக்கு எங்க சார் நேரம்? பிரிச்சுக் குடுத்தாலும் வண்டிக்காரன் ரெண்டையும் ஒண்ணாத்தானே கொட்டிக்கறான்?"

இரண்டாவது கேள்வி நியாயமானது. குப்பை எடுக்க வந்த வண்டியில் அப்படி நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். "அதனாலதாம்மா ஈரக் குப்பையை வண்டிக்கே கொடுக்க வேண்டாம்கிறேன். வாசலைத் தாண்டலைன்னா யாரும் கலக்க முடியாது இல்லையா?" என்றேன். அவர் சிரித்தாரே தவிர, டப்பா வைக்கவில்லை.

முதல் சுற்று உரம் ஏப்ரலில் தயாராயிற்று. அதில் ஒரு பையை அவர் வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டிக்குக் கொடுத்தேன். டெல்லித் தமிழர்களுக்குக் கறிவேப்பிலை வளர்ப்பது எவ்வளவு பெரிய கவலை என்பது உங்களுக்கே தெரியும். குளிரில் குச்சியாக நின்ற செடி, ஜூனில் கொத்துக் கொத்தாகத் துளிர்த்தது. மறு வாரம் அவர் வீட்டு வாசலில் இரண்டு டப்பாக்கள்! என் பேச்சு செய்யாததை ஒரு கறிவேப்பிலைச் செடி செய்தது. இன்று அறுபத்து நான்கில் ஐம்பது வீடுகள் பிரித்துக் கொடுக்கின்றன. மீதிப் பதினான்கு பேரோடு நட்பாகவே இருக்கிறேன், நம்பிக்கை இருக்கிறது.

கொஞ்சம் கணக்கு

ஒரு மாதம் எடைபோட்டுப் பார்த்ததில், வீட்டுக்கு நாளைக்கு 700 கிராம் ஈரக் கழிவு வந்தது. ஐம்பது வீட்டுக்கு 35 கிலோ. ஆண்டுக்குச் சுமார் 12.8 டன். உணவுக் கழிவு ஒரு டன் ஆழமான குப்பைமேட்டில் புதைந்தால், காலப்போக்கில் ஏறத்தாழ 40 கிலோ மீத்தேன் உண்டாகும் என்பது நிபுணர்கள் பயன்படுத்தும் கணக்கு. அப்படியானால் எங்கள் குடியிருப்பு ஆண்டுக்கு அரை டன் மீத்தேனைத் தடுக்கிறது. 28-ஆல் பெருக்கினால் 14 டன் கரியமில வாயுவுக்குச் சமம். சிறிய கார் ஒன்று ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால் சுமார் ஒன்றரை டன் விடும். ஆக, ஒன்பது கார்களை ஓட்டாமல் நிறுத்தியதற்குச் சமம்! எங்கள் வளாகத்தில் ஒரு காரையும் யாரும் விற்கவில்லை. டப்பாவை மட்டும் இரண்டாக்கினோம்.

டெல்லி முழுவதும் நாளொன்றுக்கு சுமார் 11,000 டன் குப்பை சேர்கிறது. அதில் ஏறக்குறைய பாதி ஈரம். அது முழுவதும் மலைக்குப் போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

கனவு என்று தள்ள வேண்டாம். இந்தூரில் வீட்டிலேயே பிரித்து வாங்குவதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்கள். பழைய குப்பைமேட்டைச் சலித்து அகற்றினார்கள். 2022 பிப்ரவரியில் நாளைக்கு 550 டன் ஈரக் கழிவிலிருந்து சுமார் 17 டன் சி.என்.ஜி. எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. அதில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. தென்கொரியா 2005-ல் உணவுக் கழிவைப் புதைப்பதையே தடை செய்தது. அதன் தலைநகர் சியோலில் நான்ஜிதோ என்று காஜிப்பூரைவிட உயரமான குப்பைமேடு இருந்தது. 1993-ல் மூடி, 2002-ல் பூங்காவாக்கி, அதன் வாயுவைக் குழாயில் எடுத்து வெந்நீருக்குப் பயன்படுத்தினார்கள். நம் சென்னையில் 1989-லேயே எம்.பி. நிர்மல் எக்ஸ்னோராவைத் தொடங்கி, தெருத்தெருவாக மக்களைச் சேர்த்து, மூன்று சக்கர வண்டியில் வீட்டு வாசலிலேயே குப்பை வாங்கும் முறையைப் பரப்பினார். டெல்லியின் மூன்று மலைகளிலும் 2019 முதல் பெரிய சுழல் சல்லடைகள் வைத்துப் பழைய குப்பையைச் சலித்து வருகிறார்கள். சலித்த மண் சாலைக் கரைகளுக்குக்கூடப் போயிருக்கிறது. கரை போட்டவன் என்ற முறையில் எனக்கு அதில் தனி சந்தோஷம். ஆனால் ஒரு பக்கம் சல்லடை சுற்ற, மறுபக்கம் லாரி புதுக் குப்பையைக் கொட்டுவதையும் பார்த்திருக்கிறேன். ஓட்டைத் தோணியில் ஒருவன் இறைக்க, ஒருவன் ஊற்றினால் எப்போது கரை சேர்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மலையில் விடியற்காலையில் ஏறி, பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பொறுக்கும் ஒவ்வொரு கிலோவும் ஓர் ஆலையில் புதிதாக உருக்க வேண்டியதைக் குறைக்கிறது. பூமிச் சூட்டைப் பற்றி மாநாடு போடாமலே அதற்காக உழைப்பவர்கள் அவர்கள். நாம் அழுகல் சாதத்தையும் கண்ணாடிச் சில்லையும் ஒரே பையில் கட்டிப் போட்டால், அதற்குள் வெறும் கையை விடுவது அவர்களின் குழந்தைகள்.

நம் வீடுகளில் செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. சமையலறையில் ஈரத்துக்கு ஒரு டப்பா, உலர்ந்ததற்கு ஒரு டப்பா. ஈரக் குப்பையைப் பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டாம். டப்பாவின் அடியில் பழைய செய்தித்தாள் போதும். நாப்கின், மருந்து, பேட்டரி இவை தனி. வீட்டு வேலைக்கு வருபவர்களிடம் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். பல வீடுகளில் டப்பாவைக் கையாள்வது அவர்கள்தான். பால்கனி மட்டுமே உள்ளவர்களுக்குத் துளையிட்ட இரண்டு மண்பானைகளும் ஒரு மூட்டைச் சருகும் போதும். மே மாதத்தில் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். மழைக்காலத்தில் மூடி வைக்க வேண்டும். பிழிந்த துணி போல ஈரம் இருந்தால் சரி. நாற்றம் வந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

பேரன் இந்த விடுமுறைக்கும் வருகிறான். முதல் நாளே தொட்டிக்கு அழைத்துப் போய், கையில் ஒரு பிடி எருவைக் கொடுக்கப் போகிறேன். அவன் சென்ற வருஷம் கேட்ட கேள்விக்கு, "நாங்கதாண்டா போட்டோம். இப்ப எங்க வீட்டுலேர்ந்து போறதை நிறுத்திட்டோம்" என்று சொல்வேன். காஜிப்பூர் மலை அப்போதும் அங்கேதான் நிற்கும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியும்.

அன்பர்கள் யாருக்காவது தொட்டி கட்டும் எண்ணம் இருந்தால், சங்கத்துக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கேளுங்கள். வரைபடம் போட்டுத் தருகிறேன். இந்தத் தடவை மூச்சு விட இடம் வைத்து!